தொன்னியும் நாலு குளமும்: உரைக்கோப்புப் பயிற்சிக்கு எது கைகொடுக்கும்?

உயர்தரத்தில் ஐசிரி எடுக்கிற பிள்ளைகள் பைதனில் இஃப், ஃபோர், வைல் வரை ஒருமாதிரி ஓடி வந்துவிடுவார்கள். உரைக்கோப்பை வாசிக்கிற பயிற்சி வந்ததும் கால் இடறும். அதுவரை எண்களை நிரலுக்குள்ளேயே எழுதினார்கள், அல்லது விசைப்பலகையில் தட்டினார்கள். இப்போது தரவு வெளியில் ஒரு கோப்பில் கிடக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இருக்கின்றன. கோப்பு எந்த போல்டரில் இருக்கிறது என்ற பிரச்சினை வேறு. தமிழில் தட்டியிருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். வவுனியாவிலோ கிளிநொச்சி ரவுணிலோ இருப்பவர் பின்னேரம் ஒரு வகுப்புக்குப் போய் சேரிடம் கேட்டுவிடலாம். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் இருக்கிற பிள்ளைக்கு முன்னால் இருக்கிற கணினியேதான் விளக்கமும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லுகிற ஒரு மென்பொருள்தான் தொன்னி. கோப்புப் பயிற்சி என்ற ஒரு விசயத்துக்கு மட்டும் அது எவ்வளவு தூரம் உதவும் என்று இங்கே பார்க்கிறோம்.

எஸ்டோனியா நாட்டின் தார்த்துப் பல்கலைக்கழகத்தில், பைதனைப் புதிதாகப் பழகுவோருக்கென உருவானது தொன்னி. பெயரைக் கேட்டதும் கிரிக்கெட் நினைவு வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. காசு கிடையாது, திறந்த மூல மென்பொருள். பதிவிறக்கம் 20 எம்பியை ஒட்டியே வரும், பைதனும் அதற்குள்ளேயே இருக்கிறது, வேறாக நிறுவத் தேவையில்லை. நிறுவிய பிறகு இணையம் வேண்டியதில்லை. டேட்டா முடிந்தாலும், கரண்ட் நின்று லப்டொப் பற்றரியில் ஓடினாலும் வேலை நடக்கும். பழைய பாடசாலைக் கணினிகளில் விண்டோஸ் 7 இன்னும் இருக்கிறதென்றால், தொன்னி 4இன் பக்கத்தில் 32 பிட் பைதன் 3.8 உடன் ஒரு பதிப்பு இருக்கிறது, அதை எடுக்க வேண்டும். மற்றவர்கள் வழமையான 64 பிட் பதிப்பை எடுக்கலாம்.

சோதிக்க ஒரு சின்னக் கோப்பு போதும். நோட்பேட்டில் இந்த நாலு வரியையும் தட்டி, நிரலை வைக்கப்போகிற அதே போல்டரில் சேமியுங்கள். எண்கள் பயிற்சிக்காக இட்டவை, உண்மையான நீர்மட்டம் அல்ல.

இரணைமடு,28
முத்தையன்கட்டு,19
வவுனிக்குளம்,21
அக்கராயன்,9

கேள்வி வழமையானது: மொத்தம், சராசரி, ஆகக் கூடிய அடி எந்தக் குளத்தில், 20 அடிக்கு மேல் எத்தனை குளம். விடை 77, 19.25, இரணைமடு, 2. ஒரு கொப்பியில் இதை முதலே எழுதி வையுங்கள். விடை தெரியாமல் நிரலை ஓட்டினால் பிழையான விடையும் சரியானதுபோல் தோன்றும். நாலு வரிக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். தொன்னியின் சிறப்பான பகுதி, நிரலை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் காட்டுவது. ஐந்நூறு வரிக் கோப்பில் அதைச் செய்தால் விடிந்துவிடும்.

இனி அந்தச் சிறப்பான பகுதியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நிரலில் ஒரு ஃபோர் லூப், அதற்குள் ஒரே வரி: வரியை ஸ்ட்ரிப் செய், காற்புள்ளியில் ஸ்பிளிட் செய், இரண்டாவது துண்டை இன்ட் ஆக்கு, மொத்தத்தோடு கூட்டு. மாறிக்கு 'வரி' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதன் 3 ஏற்றுக்கொள்ளும். பரீட்சைக்கு ஆங்கிலப் பெயரே பாதுகாப்பு. எஃப்5 அடித்தால் நிரல் சாதாரணமாக ஓடும். கொன்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அடித்தால் முதல் கூற்றில் நிற்கும். அதன் பிறகு எஃப்6 ஒரு கூற்றை முழுதாகத் தாண்டும், எஃப்7 அதற்குள்ளே இறங்கும். பெரும்பாலானவர்கள் எஃப்6ஐ மட்டும் தட்டிக்கொண்டு போவார்கள். கோப்புப் பயிற்சிக்கு வேண்டியது எஃப்7.

அந்த ஒரு வரியில் எஃப்7ஐத் தட்டத் தட்ட, 'வரி' என்ற சொல் இருந்த இடத்தில் அதன் பெறுமானம் வந்து உட்காரும்: மேற்கோள் குறிக்குள் இரணைமடு, காற்புள்ளி, 28, அதற்குப் பின்னால் ஒரு பின்சாய்கோடும் சின்ன 'என்' எழுத்தும். நோட்பேட்டில் என்டர் தட்டியதன் தடம் அது. அடுத்த தட்டில் ஸ்ட்ரிப் முடிந்து அந்த வால் போய்விடும். அடுத்ததில் ஸ்பிளிட் முடிந்து சதுர அடைப்புக்குள் இரண்டு துண்டு. அடுத்ததில் 28 தனியே நிற்கும், ஆனால் இன்னும் மேற்கோள் குறியோடு. இன்ட் முடிந்ததும் மேற்கோள் குறி மறையும். சரம் எது, எண் எது என்று பலகையில் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்துவதை இந்த ஒரு காட்சி செய்துவிடும். பரீட்சையில் கணினி கிடையாது, நிரலைத் தாளில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தொடர்ந்துதான் வெளியீட்டை எழுத வேண்டும். எஃப்7 பழகிய கை அந்த இடத்தில் தடுமாறாது.

வியூ மெனுவில் வேரியபிள்ஸ் என்பதையும் திறந்து வையுங்கள். மாறிகளின் பெறுமானத்தை மேற்கோள் குறி, வரிமுடிவுக் குறி எல்லாவற்றோடும் அப்படியே காட்டும். பிரின்ட் கட்டளை இவற்றை மறைத்துவிடும். 28ஐயும் வரிமுடிவோடு ஒட்டிய 28ஐயும் பிரின்ட் செய்தால் திரையில் இரண்டும் 28 என்றுதான் தெரியும், இரண்டாவதுக்குக் கீழே ஒரு வெறும் வரி மட்டும் கூடுதலாக விழும். ஒப்பிட்டால் இரண்டும் சமனில்லை என்று பைதன் சொல்லும். 'இஃப் வேலை செய்யுதில்லை சேர்' என்ற முறைப்பாட்டில் கணிசமான பங்கு இந்த வால்தான். இதில் ஒரு குழப்பமும் இருக்கிறது. இன்ட் என்ற சார்பு முன்பின் இடைவெளியையும் வரிமுடிவையும் தானே கழித்துக்கொள்ளும், ஆகவே ஸ்ட்ரிப் போடாமலே மொத்தம் சரியாக வரும். வரியின் கடைசித் துண்டைச் சரமாகவே ஒப்பிடும்போது மட்டும் உதைக்கும். போன பயிற்சியில் ஸ்ட்ரிப் இல்லாமல் ஓடியது, இதில் ஏன் ஓடவில்லை என்று கேட்பவருக்கு விடை இது.

இன்ட் போட மறந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த நாலு குளத்தில் ஓட்டிப் பாருங்கள். வெற்றுச் சரத்தில் தொடங்கிக் கூட்டினால் 2819219 என்று ஒரு பெரிய எண்போலத் தெரிவது வரும். ஆகக் கூடியதைத் தேடினால் இரணைமடு தோற்று அக்கராயனின் 9 முதலிடம் பிடிக்கும், ஏனென்றால் சரங்களை முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது பைதன், 9 என்ற எழுத்து 2 என்ற எழுத்துக்குப் பிந்தியது. பிழைச் செய்தி எதுவும் வராது. பயிற்சிக் கோப்பில் ஓரிலக்க எண் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். எல்லாம் ஈரிலக்கமாக இருந்தால் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும்.

தொன்னியில் பலர் கவனிக்காத ஒரு பெட்டி ஒப்ஜெக்ட் இன்ஸ்பெக்டர். வியூ மெனுவில் அதைத் திறந்து, வேரியபிள்ஸில் கோப்பு மாறியைத் தெரிவுசெய்தால் கோப்பின் உள்ளடக்கம் தெரியும். ரீட்லைன் ஒவ்வொன்றாக ஓட ஓட, வாசித்து முடித்த பகுதி நிறம் மாறிக்கொண்டு போகும். ரீட் கட்டளையை இரண்டாம் முறை போட்டால் ஏன் வெறுமையாக வருகிறது என்ற நெடுங்காலக் கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது: முழுவதும் நிறம் மாறிவிட்டது, வாசிக்க மிச்சமில்லை. சீக் கட்டளைக்குப் பூச்சியம் கொடுத்தால் மறுபடியும் தொடக்கத்துக்குப் போகும். இந்தக் காட்சிக்கு ரீட்லைனே பொருத்தம். கோப்பின் மேல் நேரடியாக ஃபோர் லூப் ஓட்டும்போது, எந்த இடத்தில் நிற்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பைதன் மறுத்துவிடும்.

ரீட்லைன் என்றதும் ஒரு பொறி. கோப்பு முடிந்தால் அது வெற்றுச் சரத்தைத் தரும். நடுவில் ஒரு வெறும் வரி இருந்தால் வெற்றுச் சரம் தராது, வரிமுடிவுக் குறி மட்டும் உள்ள சரத்தைத் தரும். வைல் லூப்பில் முதலில் ஸ்ட்ரிப் செய்துவிட்டுப் பிறகு 'வெறுமையா' என்று பார்த்தால் நடுவிலுள்ள வெறும் வரியிலேயே லூப் நின்றுவிடும், கீழே இருக்கிற குளங்கள் கணக்கில் வரா. வெறும் வரி கடைசியில் இருப்பது இன்னும் சாதாரணம், நோட்பேட்டில் முடிவில் கூடுதலாக இரண்டு என்டர் தட்டுவது எல்லாருக்கும் பழக்கம். ஃபோர் லூப்பில் அந்த வெறும் வரியை ஸ்பிளிட் செய்தால் ஒரு துண்டுதான் வரும், இரண்டாவது துண்டைக் கேட்டதும் இன்டெக்ஸ் எரர். வெறும் வரி என்றால் தாண்டு என்று ஒரு இஃப் போட்டால் சரி. அதற்குப் பிறகும் வரிகளை எண்ணும் மாறியை அந்த இஃபுக்கு மேலே கூட்டினால் ஐந்து குளம் என்று எண்ணி, சராசரி 19.25க்குப் பதிலாக 15.4 என்று வரும். எண்ணும் மாறி இஃபுக்குக் கீழே வர வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். ஆங்கிலப் பயிற்சி நூல்களில் இது இருக்காது, நம்முடைய பிள்ளைகள் மாட்டுவதும் இதில்தான். மேலே சொன்ன கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை) எதுவும் சொல்லாமல் ஓப்பன் செய்தால், ஆங்கில விண்டோஸ் உள்ள கணினியில் பைதன் வழமையாக சிபி1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி யூனிகோட் டிகோட் எரர் என்று தொடங்கி, 20ஆம் இடத்தில் 81 (பதினறும எண்) என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை என்று முடியும். அந்த 20 எங்கிருந்து வந்தது? யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். இ, ர, ண, ஐகாரக் குறி, ம, ட, உகரக் குறி என இரணைமடு 7 குறியீடு, 21 பைட். எண்ணுவது பூச்சியத்திலிருந்து என்பதால் கடைசிப் பைட் 20ஆம் இடம். உகரக் குறியின் மூன்றாம் பைட் 81, அந்த அட்டவணையில் அந்த இடம் காலி.

காலியான இடங்கள் அங்கே ஐந்து. தமிழில் அவற்றைத் தொடுபவை உகரக் குறி, குற்று, ஏ, ஐ ஆகியவை. குற்று இல்லாமல் தமிழ் எழுதுவது எப்படி? ஆகவே ஏறக்குறைய எந்தத் தமிழ்க் கோப்பும் வெடிக்கும். வெடித்தால் நல்லது. மாலா, சிவா, கமலா என்று மட்டும் உள்ள கோப்பு வெடிக்காது. வாய்க்குள் நுழையாத ஐரோப்பிய எழுத்துகளாக வாசித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அடுத்த நாள் அதே நிரலில் குமார் சேர்ந்ததும் வெடிக்கும். 'நேற்று வேலை செய்தது' என்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

மருந்து சின்னது: ஓப்பன் கட்டளைக்குள் என்கோடிங் என்பதற்கு யூடிஎஃப்-8 என்று கொடுப்பது. வாசிக்கும்போதும் எழுதும்போதும் இரண்டிலும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பு நிரலிலும் இதைக் கைப்பழக்கமாக்குவது புத்தி. இதைத் தொன்னி உங்களுக்காக நினைவுபடுத்தாது, எங்களுக்கு இருக்கிற பெரிய குறை இது. உங்கள் கணினி தானாக எதை எடுக்கிறது என்று அறிய, கீழேயுள்ள ஷெல்லில் (கட்டளையை நேரடியாகத் தட்டும் பெட்டி) லோக்கேல் என்ற மொடியூலை இம்போர்ட் செய்து, அதன் கெட் பிரிஃபர்ட் என்கோடிங் சார்பை அழைத்துப் பாருங்கள்.

நோட்பேட் பக்கமும் கவனம் வேண்டும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து அது தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முந்திய கணினிகளில் தானாக வருவது ஆன்சி, அதாவது மேலே சொன்ன சிபி1252 போன்ற பழைய அட்டவணை. தமிழை ஆன்சியில் சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும், எச்சரிக்கைப் பெட்டி வரும், வாசிக்காமல் ஓகே தட்டிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. சேவ் அஸ் பெட்டியின் அடியில் என்கோடிங் என்பதை மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். பழைய நோட்பேட்டில் யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்தாலும் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை ஒட்டிவிடும். விளைவு: முதலாவது குளத்தின் பெயர் மட்டும் ஒப்பிடும்போது சமனாகாது, மற்ற மூன்றும் சரியாக இருக்கும். கோப்பு எண்ணில் தொடங்கினால் முதல் வரியிலேயே வேல்யூ எரர். தொன்னியின் வேரியபிள்ஸ் பெட்டியில் அந்தக் குறி முதல் சரத்தின் தொடக்கத்தில் பின்சாய்கோட்டோடு பிடிபட்டுவிடும். என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அதைக் கழித்துவிட்டு வாசிக்கும், குறி இல்லாத கோப்பிலும் கெடுதல் செய்யாது.

இனி பாமினி. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய கடிதங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் தட்டிய பெயர்ப்பட்டியலை ஒரு பிள்ளை உரைக்கோப்பாக்கி பயிற்சிக்கு எடுத்தால் நடப்பது வேடிக்கை. பாமினி யூனிகோட் இல்லை, ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழ் உருவம் வரைந்தது. அதில் 'இ' என்ற எழுத்து இருக்கும் விசை காற்புள்ளி, குற்று இருக்கும் விசை அரைப்புள்ளி. இரணைமடு என்று பாமினியில் தட்டினால் கோப்பில் முதல் எழுத்தாக விழுவது காற்புள்ளி. காற்புள்ளியில் ஸ்பிளிட் செய்தால் முதல் துண்டு வெறுமை, இரண்டாவது துண்டில் எண்ணுக்குப் பதிலாக ஐந்து ஆங்கில எழுத்து, இன்ட் கட்டளை வேல்யூ எரர் போட்டு நிற்கும். காற்புள்ளியை விட்டு அரைப்புள்ளிக்கு மாறினால் வவுனிக்குளம் இரண்டு இடத்தில் வெட்டுப்படும். நிரலைத் திருத்தி இதிலிருந்து மீள முடியாது. கோப்பை முதலில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எழுத்து எண்ணும் பயிற்சி தமிழில் வந்தால் லென் கட்டளையை நம்ப வேண்டாம். இரணைமடுவுக்கு அது 7 என்று சொல்லும், நமக்கு அது ஐந்தெழுத்து. உயிர்மெய்க் குறிகளையும் குற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் வித்தியாசம். பெயரையும் எண்ணையும் நிரல்படுத்தி அச்சிடும்போது நிரை வளைந்து நெளிந்து போவதற்கும் இதுவே காரணம், தொன்னியின் பிழையல்ல. லினக்ஸில் தொன்னியை ஓட்டினால் கொம்பும் குற்றும் இடம்மாறித் தெரியக்கூடும். அது திரைக்காட்சி மட்டும், கோப்பு கெடவில்லை.

போல்டர் விசயத்தில் தொன்னிக்கு நல்ல புள்ளி. எஃப்5 அடித்ததும் நிரல் சேமித்த போல்டரையே வேலை போல்டராக்கிக்கொள்கிறது, ஆகவே கோப்பும் நிரலும் ஒரே இடத்தில் இருந்தால் பெயர் மட்டும் போதும். அப்படியிருந்தும் பைல் நொட் பவுண்ட் எரர் வந்தால் பத்தில் ஒன்பது முறை விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை மறைத்து வைத்ததுதான்: போல்டரில் பெயர் மாற்றும்போது டொட் டிஎக்ஸ்டி என்று தட்டியிருப்பீர்கள், மறைந்திருக்கிற இன்னொன்று ஏற்கெனவே அங்கே இருக்கும். தொன்னியின் வியூ மெனுவில் பைல்ஸ் பெட்டியைத் திறந்தால் முழுப் பெயரும் தெரியும். முழுப் பாதையையும் கொடுப்பவர்கள் பின்சாய்கோட்டால் அடிபடுவார்கள். என் எழுத்தில் தொடங்கும் போல்டர் வரிமுடிவாகவும், டி எழுத்தில் தொடங்கும் கோப்பு தாவலாகவும் மாறிவிடும், யூசர்ஸ் என்ற போல்டர் வந்தால் நிரல் தொடங்கவே தொடங்காது. முன்சாய்கோட்டைப் போடுங்கள், விண்டோஸிலும் அது செல்லும்.

எழுதுகிற பயிற்சியில் தொன்னி கொஞ்சம் ஏமாற்றும். குளோஸ் போடாமல் எழுதிவிட்டு நோட்பேட்டில் திறந்தால் கோப்பு வெறுமையாக இருக்கும். நிரல் முடிந்தாலும் ஷெல் உயிரோடு இருக்கிறது, கோப்பு மாறியும் உயிரோடு இருக்கிறது, எழுதியது இன்னும் நினைவகத்தில் தங்கியிருக்கிறது. அதே நிரலைக் கட்டளை வரியில் ஓட்டினால் முடியும்போது கோப்பு தானாக மூடப்பட்டு எழுத்து வந்துவிடும், அதனால் ஒரு கணினியில் சரி, மறு கணினியில் பிழை என்ற தர்க்கம் வரும். வித் என்று தொடங்கி எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. டபிள்யூ முறையில், அதாவது எழுதுவதற்கென்று, திறப்பது இன்னும் ஆபத்து. திறந்த அந்தக் கணமே பழைய உள்ளடக்கம் போய்விடும், ஒரு எழுத்துக்கூட எழுதாவிட்டாலும். வாசிக்கிற கோப்பின் பெயரையே டபிள்யூவுக்குக் கொடுத்து முழுப் பட்டியலையும் இழப்பது சர்வ சாதாரணம். பயிற்சிக் கோப்பின் ஒரு பிரதியை வேறு போல்டரில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ரைட் கட்டளை சரத்தை மட்டும் ஏற்கும், 77ஐ அப்படியே கொடுத்தால் டைப் எரர். வரிமுடிவையும் நீங்களே சேர்க்க வேண்டும்.

தொன்னியின் அசிஸ்டன்ட் என்ற பெட்டி பிழை வந்ததும் தானாகத் திறந்து ஆலோசனை சொல்லும். செயற்கை நுண்ணறிவு அல்ல, முன்கூட்டி எழுதிய விதிகள், இணையமும் வேண்டாம். மாறியின் பெயரைப் பிழையாகத் தட்டியது, அடைப்பை மூடாதது போன்றவற்றில் பயன் உண்டு. கோப்புப் பயிற்சியில் அதை நம்பியிருக்க முடியாது. நிரலை மட்டும்தான் அது ஆராயும், கோப்புக்குள் வெறும் வரி இருப்பதோ பாமினி இருப்பதோ அதற்குத் தெரியாது. ஆங்கிலமும் கொஞ்சம் கனமானது. அதை மூடிவிட்டு அந்த இடத்தை வேரியபிள்ஸுக்குக் கொடுப்பது மேல்.

ஆகவே இரண்டாவது உதவி ஒன்று தேவைப்படும், இப்போது பிள்ளைகள் போவது போனிலுள்ள செயற்கை நுண்ணறிவு அரட்டைக்கு. தமிழில் கேட்டாலும் பதில் வரும். ஆனால் 'குளக் கோப்பில் சராசரி காண நிரல் தா' என்று கேட்டால், படிக்காத மொடியூல்களும் ஒரே வரியில் மடித்த லூப்பும் உள்ள நிரலைத் தரும். பண்டாஸ் என்ற தொகுதியைப் பயன்படுத்தச் சொன்னால் தொன்னியில் அது உடன் வருவதில்லை, நிறுவ இணையம் வேண்டும். அந்த நிரலைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் பரீட்சையில் அடுத்த கேள்விக்கு உதவாது.

நல்ல பதில் வேண்டுமென்றால் ஐந்து பொருளை ஒன்றாகக் கொடுங்கள்: கேள்வியின் முழு வாசகம், கோப்பின் முதல் மூன்று வரி, உங்கள் நிரல், பிழைச் செய்தியின் கடைசி வரி, எதிர்பார்க்கும் விடை. அந்த மூன்று வரியை நோட்பேட்டிலிருந்து எடுக்காதீர்கள், தலைக்குறியும் வாலும் தெரியாது. தொன்னியின் ஷெல்லில் மாறியின் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் மேற்கோள் குறியோடு வருகிறதே, அதைப் பிரதிசெய்து ஒட்டுங்கள். அதோடு இப்படி ஒரு வசனம்: 'இஃப், ஃபோர், லிஸ்ட், ஸ்பிளிட் மட்டும் படித்திருக்கிறேன். நிரல் தர வேண்டாம். எந்த வரியில் பிழை, ஏன் என்று மட்டும் சொல்லவும்.' இந்த ஒரு வசனம் பதிலைத் தலைகீழாக மாற்றும். வந்த விளக்கம் சரியா என்று எஃப்7 தட்டிச் சரிபார்க்கலாம். அரட்டை தன்னம்பிக்கையோடு பிழையும் சொல்லும், தொன்னி நடப்பதை மட்டும் காட்டும்.

நிரலை வரி வரியாக ஓட்டிக் காட்டும் பைதன் டியூட்டர் என்ற இணையத்தளம் லிஸ்ட், லூப் பயிற்சிகளுக்கு அருமையானது. கோப்பைத் திறக்க அது விடாது என்பதால் இந்தப் பாடத்தில் சேராது. ரியூஷன் வகுப்பு எப்படி என்று கேட்டால், கணினி இல்லாமல் பலகையில் மட்டும் நடக்கிற வகுப்பில் மாதிரி வினாத்தாள் பயிற்சி கிடைக்கும், வரிமுடிவுக் குறியும் குறியாக்கமும் பலகையில் தெரியாது. சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கோப்புப் பாடத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டுவீர்களா?

வீட்டில் கணினி இல்லாதவர்கள் பாடசாலை ஆய்வுகூடத்தையோ வலயக் கணினி வள நிலையத்தையோ நாடுவார்கள். அங்கே மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாமல் இருக்கலாம். தொன்னியின் போர்ட்டபிள் பதிப்பு இதற்கானது: சிப் கோப்பைப் பென்ரைவில் கொண்டுபோய், கணினியின் டெஸ்க்டொப்பில் விரித்து, உள்ளேயிருக்கும் தொன்னியைச் சொடுக்கினால் போதும். சிப்புக்குள் இருந்தபடியே சொடுக்கினால் ஓடாது. பென்ரைவிலிருந்து நேரடியாகவும் ஓட்டலாம், பழைய கணினிகளில் திறக்க நேரமெடுக்கும். முடிந்ததும் நிரலையும் குளக் கோப்பையும் மட்டும் பிரதிசெய்து எடுங்கள். போல்டரெல்லாம் சோர்ட்கட்டாக மாறுகிற வைரஸ் ஆய்வுகூடங்களில் சாதாரணம், ஆகவே அதே இரண்டையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பி வையுங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு கேபிகூட வராது.